இறுக்கின நட்டும் வழுக்கின மரையும்

(குற்றாலத்தில் நடந்த பழைய மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காலையில் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு, மத்தியானம் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளியே சாரல் வேறு. இந்த நேரத்தில் என்னைப் பேசச் சொன்னது யாருடைய யோசனை என்று தெரியவில்லை. யாராவது கண் அசந்தால் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

செயலாளர் போனில் கூப்பிட்டபோது, "மின்சார வாகனம், செயற்கை நுண்ணறிவு, இந்த மாதிரி ஏதாவது பேசுங்க தம்பி, பையன்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார். நான் நட்டு போல்ட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு "சரி, ஜீப்பு நட்டுன்னாவது போட்டுக்கலாம்" என்றார். ஆகவே தலைப்பு ஜீப்பு நட்டு.

நம்ம பக்கத்தில் ஒருத்தருக்குப் புத்தி கொஞ்சம் பிசகினால் "மரை கழண்டு போச்சு" என்கிறோம். மரை என்றால் திருகின் புரி, நாம் புத்தகத்தில் படிக்கும் த்ரெட். ஒரு மனுஷன் ஒழுங்காக இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல, நம் ஆட்கள் தேடிப்பிடித்த உவமானம் திருகின் மரைதான். எனக்கு இதில் எப்போதுமே ஒரு பெருமை உண்டு.

தென்காசி, செங்கோட்டை, பண்பொழி, மேக்கரை வட்டாரத்தில் மலையடித் தோப்புகளுக்கு ஏறி இறங்குகிற ஜீப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய வில்லிஸ் வழியில் வந்தவை, கமாண்டர், மேஜர், பிறகு வந்த பொலேரோ, தார். உரமூட்டை, தேங்காய், ஆட்கள் எல்லாம் அதில்தான் போகிறது. பாதை முழுக்கக் கல். ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை சாரல். ஒரு போல்ட்டுக்கு இதைவிடக் கஷ்டமான வாழ்க்கை கிடையாது. மேலே குலுக்கல், கீழே ஈரம். இது போதாதென்று நடுவில் பட்டறையில் ஒரு பையன் ஸ்பேனரில் பைப்பைச் சொருகி ஏறி நிற்கிறான்.

அந்தப் பைப்பைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

நாம் எல்லோரும் பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள். போல்ட்டுக்கு அதில் பக்கம் பக்கமாக அட்டவணை இருக்கிறது. ஆனால் போல்ட்டு என்றால் என்ன என்று கேட்டால், இரண்டு துண்டைச் சேர்த்துப் பிடிக்கிற ஆணி என்றுதான் பாதிப் பேர் சொல்வார்கள். போல்ட்டு ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது அது நீளுகிறது. நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கப் பார்க்கும் விசைதான் இரண்டு துண்டையும் அழுத்திப் பிடிக்கிறது.

எவ்வளவு நீளும்? தலையில் 8.8 என்று குத்தியிருக்கும் 10 மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் 8-க்கு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுத்தால்தான் அறும் என்று அர்த்தம். புள்ளிக்குப் பின்னால் உள்ள 8-க்கு, அதில் எண்பது சதவீதம், அதாவது 640 வந்ததும் நிரந்தரமாக நீண்டுவிடும் என்று அர்த்தம். இந்தப் போல்ட்டைச் சாதாரண மரையில், எண்ணெய் போடாமல், சுமார் 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் உள்ளே ஏறும் இழுவிசை ஏறக்குறைய இரண்டரை டன். ஒரு பழைய ஜீப்பின் எடையைவிட அதிகம். விரல் தடிமன் போல்ட்டு ஒன்றில்! இறுகப் பிடித்திருக்கும் நீளம் 5 சென்டிமீட்டர் என்றால் அது நீளுவது 0.1 மில்லிமீட்டர். நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளின் தடிமன்.

அந்த ஒரு தாள் நீட்சிக்காகத்தான் இவ்வளவு பாடும். அது குறைந்தால் நட்டு கழலும். கூடினால் போல்ட்டு நீண்டுபோய் ஸ்பிரிங் குணத்தை இழந்துவிடும், அல்லது மரை உரிந்துவிடும். கழன்று போவதும் அதிகமாக இறுக்கியதும் வேறு வேறு வியாதி என்று நினைக்கிறோம். பட்டறையில் பார்த்தால் பாதி நேரம் ஒன்றிலிருந்துதான் இன்னொன்று வருகிறது. அளவுக்கு மேல் இழுத்த போல்ட்டு செத்த ஸ்பிரிங். கையில் இறுக்கமாகத் தெரியும். நாலு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் தொளதொளவென்று ஆகிவிடும். டிரைவர் திரும்பக் கொண்டுவந்து, "ஏ அண்ணாச்சி, நல்லா டைட்டு வைக்கச் சொன்னேம்லா" என்பார். அண்ணாச்சி இன்னும் கொஞ்சம் பெரிய பைப்பாக எடுப்பார்.

இன்னொரு விஷயம். நாம் ஸ்பேனரில் போடும் பலத்தில் பெரும்பகுதி போல்ட்டை இழுக்கப் போவதே இல்லை. நூறு பங்கு முறுக்கினால் சுமார் ஐம்பது பங்கு தலைக்கு அடியில் உராய்வில் போகிறது. நாற்பது பங்கு மரையின் உராய்வில் போகிறது. மிச்சம் பத்துப் பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. இதை மனசில் வைத்துக்கொண்டால் பல மர்மங்கள் விளங்கும். மரையில் துருவும் மண்ணும் இருந்தால் உராய்வு கூடி, அந்தப் பத்து ஐந்தாகிவிடும். நட்டு கல்லு மாதிரி நிற்கும், உள்ளே பிடிப்பே இருக்காது. எண்ணெயோ கிரீஸோ தடவினால் உராய்வு குறைந்து, அதே முறுக்கில் போல்ட்டு கணிசமாகக் கூடுதலாக இழுபடும். எண்ணெய் போட்டால் நல்லதுதானே என்று வீல் ஸ்டட்டில் தாராளமாகக் கிரீஸ் அப்பி, வழக்கமான பலத்தில் இறுக்கினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பைப்புக் கணக்கு. 30 சென்டிமீட்டர் ஸ்பேனரை ஒரு ஆள் 20 கிலோ பலத்தில் இழுத்தால் 6 கிலோகிராம் மீட்டர். பழைய ஜீப்பின் அரை இஞ்ச் வீல் ஸ்டட்டுக்குச் சுமார் 10 போதும் (உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுதான் முடிவு). ஸ்பேனரில் ஒரு மீட்டர் பைப்பைச் சொருகி, 60 கிலோ ஆள் ஏறி நின்றால் 60. பாதிப் பாரத்தை வைத்தால்கூட 30, மூன்று மடங்கு. நியாயப்படி ஸ்டட்டு அங்கேயே முறிய வேண்டும். முறியவில்லையென்றால் மண்ணும் துருவும் நின்று காப்பாற்றியிருக்கிறது என்றுதான் அர்த்தம். இன்று டயர் கடைகளில் காற்றுத் துப்பாக்கி வந்துவிட்டது. பையனுக்கு வேலை சுலபம். ஸ்டட்டுக்கு நிலைமை அதேதான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கடை பெயர், தோட்டத்தின் பெயர் வேண்டாம். தென்காசியில் எனக்குப் பழக்கமான பட்டறை ஒன்றில் நின்றிருந்தேன். மலைத் தோப்பிலிருந்து ஒரு பழைய ஜீப்பு வந்தது. இடது பின்சக்கரத்தில் ஐந்து ஸ்டட்டில் மூன்று இல்லை. மிச்சம் இரண்டு. அந்த இரண்டின் பிடியில்தான் அன்றைக்குச் சாயங்காலம் தோட்ட வேலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறது. டிரைவருக்கு ஏதோ டக்கு டக்கென்று சத்தம் கேட்டதாம். கல் அடிக்கிறது என்று நினைத்து வந்துவிட்டார்.

அண்ணாச்சி மிச்சமிருந்த ஸ்டட்டின் முனையைத் துணியால் துடைத்து என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இஞ்ச பாருங்க." முனையில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து குத்தியிருந்தது.

வில்லிஸ் காலத்து ஜீப்புகளில் இடது பக்கச் சக்கரங்களின் ஸ்டட்டுகளுக்கு இடது மரை. சக்கரம் சுற்றும் திசையில் நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் அப்படி வைத்தார்கள். கூம்பு முகம் உள்ள நட்டைச் சரியான இறுக்கத்தில் வைத்தால் அதற்குத் தேவையில்லை என்று தெரிந்த பிறகு அந்த வழக்கம் போய்விட்டது. இப்போதைய பொலேரோ, தாருக்கெல்லாம் நாலு பக்கமும் வலது மரைதான். இப்போது ஸ்பேனர் பிடிக்கிற பையனுக்கு இருபது வயசு. இடது மரையை அவன் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். பஞ்சருக்குக் கழற்றும்போது நட்டு வரவில்லை. வராத நட்டுக்கு என்ன வைத்தியம்? பைப்பு. கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போயிருக்கிறான். சில ஸ்டட்டு அங்கேயே முறிந்திருக்கும், சில நீண்டு போய்ப் பாதையில் முறிந்திருக்கும்.

அந்தப் பையன் பேரில் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குக் கோபம் வந்தது நம் மாதிரி ஆட்கள் பேரில்தான். போல்ட்டைப் பற்றி அட்டவணை அட்டவணையாகத் தெரிந்தவர்கள் யாரும் அந்தக் கடை வாசலில் போய் நிற்பதில்லை.

சக்கரத்தை ஸ்டட்டு தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சரியாக இறுக்கிய சக்கரத்தில் பாரத்தைத் தாங்குவது சக்கரத் தட்டுக்கும் ஹப்புக்கும் நடுவில் உள்ள உராய்வு. ஸ்டட்டு இரண்டையும் அழுத்திப் பிடிப்பதோடு சரி. பிடி தளர்ந்தால் தட்டு நகர ஆரம்பிக்கும். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட்டு வளைந்து வளைந்து நிமிரும், கம்பியை ஆட்டி ஆட்டி ஒடிப்பது போல. ஆகவே தட்டுக்கும் ஹப்புக்கும் நடுவில் மண், தடித்த பெயிண்ட் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கும். நசுங்கினால், நான் சொன்ன ஒரு தாள் நீட்சி காணாமல் போய்விடும். சக்கரம் மாட்டி 50, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை பார் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். ஐந்து நட்டையும் வரிசையாக இறுக்காமல் ஒன்று விட்டு ஒன்றாக, நட்சத்திரம் போடுகிற மாதிரி இறுக்குங்கள்.

அடுத்தது அளவுக் குழப்பம். 1947-இல் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியபோது அது இஞ்ச் அளவில் வந்த வண்டி. அதற்கு அடுத்த வருஷம், 1948-இல்தான் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் உட்கார்ந்து ஒரே மாதிரி மரைக்கு ஒப்புக்கொண்டன. அதுவரை இங்கிலீஷ்காரர்களுக்கு 1841-இல் விட்வொர்த் வகுத்த 55 டிகிரி மரை, அமெரிக்கர்களுக்கு 60 டிகிரி. உலகப் போரில் ஒருவர் நட்டு இன்னொருவர் போல்ட்டில் ஏறாமல் பட்ட அவஸ்தைதான் அவர்களை உட்கார வைத்தது. நாம் அப்புறம் மெட்ரிக்குக்கு மாறினோம். பழைய ஜீப்பில் இன்று இரண்டும் கலந்து கிடக்கிறது. இஞ்ச் போல்ட்டு தொலைந்த இடத்தில் கைக்குக் கிடைத்த மில்லிமீட்டர் போல்ட்டு.

இரண்டரை நூல் போல்ட்டு, அதாவது பதினாறில் ஐந்து இஞ்ச், 7.94 மில்லிமீட்டர். அதற்குப் பக்கத்தில் 8 மில்லிமீட்டர் போல்ட்டை வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் இஞ்ச் போல்ட்டின் நைஸ் மரை ஒரு இஞ்சுக்கு 24. மரைக்கு மரை 1.06 மில்லிமீட்டர். சாதாரண 8 மில்லிமீட்டர் போல்ட்டில் 1.25. ஒன்று, ஒன்றரைச் சுற்று கையால் ஏறும். அப்புறம் பிடிக்கும். பிடித்தால் ஸ்பேனர். ஸ்பேனரில் போட்டதும் ஏறத்தான் செய்யும், ஏனென்றால் ஒரு மரை இன்னொரு மரையை வெட்டிக்கொண்டு போகிறது. போல்ட்டு கையால் நாலைந்து சுற்று ஏறாவிட்டால் ஸ்பேனரைத் தொடாதே. பட்டறைக்குள் நுழைகிற எந்தப் பையனுக்கும் நான் சொல்லித் தருகிற முதல் பாடம் அது.

ஸ்பேனரிலும் இதே கூத்துதான். அரை இஞ்ச் தலை 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் போட்டால் 0.3 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். இலகுவான போல்ட்டு என்றால் கழன்று வந்துவிடும். துருப்பிடித்த போல்ட்டு என்றால் மூலை ஆறும் மழுங்கி, தலை உருண்டையாகிவிடும். முக்கால் இஞ்சுக்கு 19 அநேகமாகச் சரியாக உட்காரும், 19.05 தான். பதினாறில் ஒன்பது இஞ்சுக்கு 14 நுழையாது, 15 ஆடும். பழைய ஜீப்பு வைத்திருப்பவர்கள் ஒரு செட் இஞ்ச் ரிங் ஸ்பேனர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஆறு முனை உள்ளதாக. பன்னிரண்டு முனை ஸ்பேனர் மூலையில்தான் பிடிக்கும், ஆறு முனை பக்கத்தைப் பிடிக்கும்.

கண்ணளவை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆகாயத்தில் நடந்த ஒரு உதாரணம் உண்டு. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றில், சுமார் 17,000 அடி உயரத்தில் விமானியின் முன் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. விமானியும் அதோடு இடுப்பு வரை வெளியே இழுக்கப்பட்டார். ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். விமானி உட்பட எல்லோரும் பிழைத்தார்கள். புறப்படுவதற்குச் சுமார் 27 மணி நேரம் முன்னால்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்டில் 84 போல்ட்டு விட்டத்தில் கொஞ்சம் சிறியது. எவ்வளவு சிறியது? 0.026 இஞ்ச். முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. மாற்றியவர் அனுபவசாலி. பழைய போல்ட்டோடு புதுசை ஒப்பிட்டுக் கண்ணால் பார்த்து எடுத்திருக்கிறார். இறுக்கும்போது குறிப்பிட்ட முறுக்கு வந்ததும் நழுவுகிற ஸ்குரூ டிரைவர்தான் வைத்திருந்தார். சின்னப் போல்ட்டு மரைக்குள் வழுக்கியதை, டிரைவர் நழுவியதாக எடுத்துக்கொண்டார். மரை வழுக்குவதும் கருவி நழுவுவதும் கையில் ஒரே மாதிரித் தெரியும் என்பது எனக்கு அதைப் படித்த பிறகுதான் உறைத்தது.

சரி, சிக்கிக்கொண்ட போல்ட்டை எடுப்பது எப்படி? பையன்கள் இதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். மரைக்குள் அவ்வளவு இடம் கிடையாது. ஆகவே ஆப்பு வைத்த மாதிரி இறுகிவிடும். அதை உடைப்பதற்கு முறுக்குவது ஒரு வழி, ஆனால் கடைசி வழி. முதலில் கம்பி பிரஷ்ஷால் வெளியில் தெரிகிற மரையைச் சுத்தம் செய்யுங்கள். போல்ட்டு அந்த அழுக்கின் மேல்தான் ஏறி வெளியே வர வேண்டும். அப்புறம் ஊறவிடும் எண்ணெய். டின்னில் விற்கிறது. இல்லையென்றால் டீசலும் மண்ணெண்ணெயும். போட்டவுடனே ஸ்பேனரை எடுக்கக் கூடாது. ராத்திரி போட்டுவிட்டு காலையில் வாருங்கள். பட்டறையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், சீசன் நேரத்தில் வண்டி ஒரு நாள் நின்றால் யார் கூலி கொடுப்பது என்று. நியாயமான கேள்வி. ஆனால் முறிந்த ஸ்டட்டு ஒன்றைத் தோண்டி எடுக்க இரண்டு நாள் ஆகும்.

காலையில் வந்து, தலையின் மேல் சுத்தியலால் நேராக நாலு தட்டு. பலம் வேண்டாம், அதிர்ச்சிதான் வேண்டும். அப்புறம் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை. அது அசைந்தால் துரு உடைந்துவிட்டது. பிறகு கால் சுற்று கழற்று, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கு, எண்ணெய் விடு, மறுபடி. ஒரே மூச்சில் கழற்றினால் உடைந்த துருப்பொடி மரைக்குள் உருண்டு மறுபடி பிடித்துக்கொள்ளும்.

அதற்கும் வரவில்லையா, நெருப்பு. 12 மில்லிமீட்டர் நட்டை 500 டிகிரி சூடேற்றினால் அதன் ஓட்டை விரிவது 0.07 மில்லிமீட்டர். கேட்க ஒன்றுமில்லை மாதிரி இருக்கிறது, துருவின் பிடியை உடைக்க அது போதும். நட்டை மட்டும் சூடேற்றுங்கள், போல்ட்டை விட்டுவிடுங்கள். சூடு கொஞ்சம் இறங்கியதும் மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் வைத்தால் உருகி உள்ளே உறிஞ்சிக்கொண்டு போகும். டீசல் டேங்க், பிரேக் ஆயில் குழாய், ரப்பர் புஷ், பேரிங் சீல் இவற்றுக்குப் பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. எண்ணெய் ஊற்றி ஊறவைத்த இடத்திலும் நன்றாகத் துடைத்த பிறகுதான். அலுமினியத்தில் மிகவும் ஜாக்கிரதை. அது சிவக்காது. சொல்லாமல் கொள்ளாமல் பலம் இழந்துவிடும், 660 டிகிரியில் உருகியே போய்விடும்.

தலை மழுங்கிவிட்டதென்றால், அரத்தால் இரண்டு பக்கம் ராவி அடுத்த சின்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள், அல்லது ஒரு அளவு சின்ன பாக்ஸை அடித்து ஏற்றுங்கள். ஸ்பிரிங் பட்டையின் யூ போல்ட்டு நட்டு என்றால் யோசிக்கவே வேண்டாம், வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு போடுங்கள். ஒருமுறை நீண்ட யூ போல்ட்டைத் திரும்பப் போடுவது கஞ்சத்தனம். அதன் பிடி தளர்ந்தால் சென்டர் போல்ட்டு முறிந்து ஆக்ஸில் இடம் மாறிவிடும். மலைப்பாதையில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் போகும்.

முறிந்த ஸ்டட்டுக்கு நான் பார்த்தவற்றில் சிறந்த வைத்தியம் நம்மூர் வெல்டரின் வைத்தியம். முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக உள்ளே வெல்டிங். இதில் இரண்டு லாபம். பிடிக்க ஒரு தலை கிடைக்கிறது. வெல்டிங் சூட்டில் துண்டு நன்றாகக் காய்ந்து, ஆறும்போது சுருங்கித் துருவிடமிருந்து விடுபடுகிறது. சிவப்பு அடங்கின பிறகு மெதுவாக ஆட்டினால் பல சமயம் கையோடு வந்துவிடும். இதற்கு பேட்டரி முனையைக் கழற்றிவைக்க மறக்காதீர்கள்.

உள்ளே புதைந்து முறிந்திருந்தால் துளை போட வேண்டும். முகத்தை மட்டமாக்கி, சரியாக நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து, சின்னத் துளையில் தொடங்கிப் பெரிசுக்குப் போக வேண்டும். நடு தவறினால் ஒரு பக்கம் உடம்பைத் தின்றுவிடும். இடது சுற்று ட்ரில் கிடைத்தால் அதுவே பாதி நேரம் துண்டை வெளியே கொண்டுவந்துவிடும். ஈஸி அவுட் என்று ஒரு கருவி விற்கிறார்கள். பெயரில் மட்டும்தான் ஈஸி. அது கண்ணாடி மாதிரி கடினம். உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் அதன் மேல் வழுக்கும். அப்புறம் மின்பொறியில் அரிக்கிற இயந்திரத்தைத் தேடிப் போக வேண்டியதுதான். வெல்டரை முயற்சி செய்து பார்க்காமல் அதைத் தொடாதீர்கள்.

மரை உரிந்த ஓட்டைக்கு நம் பட்டறைகளில் இரண்டு வழி. ஒன்று பெரிசாக்குவது. 10 மில்லிமீட்டர் மரை போனால் 10.2 மில்லிமீட்டர் ட்ரில் ஓட்டி, 12 மில்லிமீட்டர் டேப் போடுவது. இடம் இருந்தால் சரி. இரண்டாவது ஹெலிகாயில். வைர வடிவக் குறுக்குவெட்டு உள்ள எவர்சில்வர் கம்பிச் சுருள். பெரிய டேப் போட்டு அதைத் திருகி வைத்தால் பழைய அளவிலேயே புது மரை கிடைக்கும். அலுமினியத்தில் இது முதலில் இருந்த மரையைவிட உறுதி. புது எஞ்சின்களின் அலுமினிய உறைகளுக்கு இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். எம்சீலை அப்பி போல்ட்டைச் சொருகி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வண்டியில் நான் ஏற மாட்டேன்.

ஆயில் மாற்றும் பிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அதிகம் மரை உரிகிற இடம் அதுதான். ஆயில் ஒழுகாமல் தடுப்பது வாஷர், முறுக்கு இல்லை. செம்பு வாஷரோ அலுமினிய வாஷரோ ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. சில ரூபாய் வாஷரை மாற்றாமல், ஒழுகுகிறது ஒழுகுகிறது என்று ஒவ்வொரு சர்வீசிலும் கொஞ்சம் கூட முறுக்கி, நாலாவது சர்வீசில் உறையையே மாற்றியவர்கள் உண்டு. இதோடு ஒரு கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். நட்டில் ஏறும் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கை முதல் மரை ஒன்றே தாங்குகிறது. முதல் இரண்டு மூன்று மரைகளே பெரும்பகுதியைத் தாங்கிவிடும். ஆகவே "இன்னும் உள்ளே நிறைய மரை இருக்குல்லா" என்று தைரியம் சொல்லிக்கொள்ள முடியாது. முதல் மரை போனால் பாரம் அடுத்ததுக்குப் போகும், அதுவும் போகும்.

ஸ்பிரிங் வாஷரை நம்பாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். 1969-இல் யுங்கர் என்ற ஜெர்மானியர், போல்ட்டைக் கழற்றுவது முக்கியமாகப் பக்கவாட்டு அசைவுதான் என்று இயந்திரம் வைத்துக் காட்டினார். அதன் பிறகு செய்த சோதனைகளில் ஸ்பிரிங் வாஷர் மோசமாகத்தான் நின்றது. பக்கவாட்டு அசைவை நிறுத்துவது போதிய இறுக்கம் மட்டுமே. காசில் நட்டுக்குக் காட்டர் பின் ஓட்டை சரியாக வரவில்லையென்றால், கையேடு வேறு விதமாகச் சொல்லாதவரை, அடுத்த ஓட்டைக்கு இறுக்கிப் போங்கள். பின் மாட்டுவதற்காகத் தளர்த்தக் கூடாது. வீல் பேரிங் நட்டு இதற்கு விதிவிலக்கு. அதற்குத் தனிக் கணக்கு.

டார்க் ரெஞ்ச் வாங்குங்கள் என்று பட்டறைக்காரர்களிடம் சொன்னால், "எனக்குக் கையே மீட்டர் தம்பி" என்பார்கள். அண்ணாச்சி மாதிரி முப்பது வருஷம் பிடித்த கைக்கு அது உண்மைதான். அவர் இறுக்கியதை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்திருக்கிறேன், பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் அவர் கை அவரோடு போய்விடும். அவரிடம் வேலை கற்கிற பையனுக்கு அந்தக் கை வர இன்னும் பல வருஷம் ஆகும். அதுவரை அவன் இறுக்குகிற வண்டியில் ஆட்கள் மலை ஏறிக்கொண்டுதான் இருப்பார்கள். சில ஆயிரம் ரூபாயில் நல்ல டார்க் ரெஞ்ச் கிடைக்கிறது. அந்த ஜீப்புக்குப் பிறகு அண்ணாச்சி ஒன்று வாங்கிவிட்டார். அவர் தொடுவதில்லை, பையன்களுக்கு மட்டும். ஒரு அட்டையில் ஒவ்வொரு வண்டிக்கும் அளவு எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார். பழைய ஜீப்பின் வரிசையில் சிவப்பு மையில், "இடப்பக்கம் எதிர் மரை, எழுத்தைப் பாருலே" என்று இருக்கிறது.

மணி ஆகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பின்னால் மேசையில் ஒரு வைஸ் பூட்டி வைத்திருக்கிறேன். ஒரு டப்பா நிறைய 6 மில்லிமீட்டர் போல்ட்டு இருக்கிறது. மாணவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்து, முறியும் வரை இறுக்குங்கள். பலம் ஏறிக்கொண்டே போய், திடீரென்று ஸ்பேனர் வெண்ணெயில் போகிற மாதிரி ஒரு கணம் இலகுவாகும். அந்த இடத்தைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது போல்ட்டை அதற்கு முன்னால் நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், முறிந்த தலை பறக்கும். அண்ணன்மார்களும் வரலாம், போல்ட்டு நிறைய இருக்கிறது.